கட்டணமில்லாத ஐ.டி.ஐ. படிப்பு: சென்னைப் பட்டறைகளின் வரலாறும் இன்றைய கணக்கும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நாளிதழ்களின் உள்பக்கத்தில் ஆண்டுதோறும் ஒரு சிறு செய்தி வரும். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் மாணவர் சேர்க்கை தொடங்கிவிட்டது. பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. மிதிவண்டி, சீருடை, மூடுகாலணி, பாடநூல், வரைபடக் கருவிகள் எல்லாம் விலையில்லாமல் கிடைக்கும். அரசு பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கும் பெற்றோர் பலருக்கு மகிழ்ச்சிக்கு முன்னால் சந்தேகம்தான் வருகிறது. பணம் வாங்காததோடு கையில் பணமும் கொடுத்துச் சொல்லித்தருகிறார்கள் என்றால் அந்தப் படிப்பு எந்தத் தரத்தில் இருக்கும்? பாலிடெக்னிக்கில் சேர்க்கலாமா, கடன் வாங்கியாவது பொறியியல் கல்லூரிக்கு அனுப்பலாமா என்று வீட்டில் பேச்சு திசைமாறிவிடும்.

அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். அதைத் தீர்க்க, இந்தப் படிப்பு எதற்காக உருவாக்கப்பட்டது, அதற்குள் என்ன நடக்கிறது, அதை முடித்தவர் எங்கே போய்ச் சேருகிறார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் சில அடிப்படைகள்

1. ஐ.டி.ஐ. என்பது தொழிற்பயிற்சி நிலையம். இங்கே கற்பிக்கப்படும் ஒவ்வொரு தொழிலுக்கும் ‘தொழிற்பிரிவு’ என்று பெயர். பேச்சில் எல்லோரும் ‘டிரேடு’ என்றே சொல்வார்கள். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன், மோட்டார் வண்டி மெக்கானிக், குளிர்பதனம் ஆகியவை இரண்டாண்டுப் பிரிவுகள். வெல்டர், பிளம்பர், கணினி இயக்குபவர் போன்றவை ஓராண்டில் முடிந்துவிடும்.

2. பெரும்பாலான பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வெல்டர், வயர்மேன், பிளம்பர் போன்ற சிலவற்றுக்கு எட்டாம் வகுப்பே போதும். குறைந்தபட்ச வயது 14. தமிழ்நாட்டில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை.

3. முடித்தவருக்குக் கிடைப்பது தேசியத் தொழிற்சான்றிதழ். ‘என்.டி.சி.’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்தியா முழுவதும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு என்பதால் சென்னையில் வாங்கிய சான்றிதழ் புனேயிலும் செல்லும்.

4. பாலிடெக்னிக் பட்டயப் படிப்பு மூன்றாண்டு. அதில் கணக்கும் அறிவியலும் கோட்பாடும் கூடுதல். மேற்பார்வையாளரை உருவாக்குவது அதன் நோக்கம். எந்திரத்தின் முன் நிற்கும் கைவினைஞரை உருவாக்குவது ஐ.டி.ஐ.யின் வேலை. ஒன்றில் சேர்ந்தால் மற்றொன்று மூடிப்போகாது. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர், பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து

சென்னையில் தொழிலைப் பள்ளியில் வைத்துக் கற்பிக்கும் முயற்சி 1850-இல் தொடங்கியது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தம் சொந்த முயற்சியில் ஒரு கலைப் பள்ளியை நிறுவினார். சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று எழும்பூரில் உள்ள கவின்கலைக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். அதுவரை கொல்லர், தச்சர், கன்னார் வீடுகளில் தந்தையிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டிருந்த தொழிலை, பிறப்பைப் பொருட்படுத்தாமல் யாருக்கும் சொல்லித்தரலாம் என்ற எண்ணம் அப்போதே விதைக்கப்பட்டுவிட்டது. அந்த எண்ணம் இந்த மண்ணில் எவ்வளவு பெரியது என்பதைச் சாதி அறிந்தவர்கள் அறிவார்கள்.

அதே பள்ளியில் 1898-இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். மாணவர்கள் கற்பார்கள், பொருளும் விற்கும், புதிய தொழிலும் உருவாகும் என்பது அவர் கணக்கு. அது பலித்தது, அந்தத் தொழில் பிறகு ஒரு தனியார் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. ஆனால், அரசே இப்படித் தொழில் நடத்துவதை லண்டன் விரும்பவில்லை. பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த மார்லி, 1910-இல் அனுப்பிய கடிதத்தில் சென்னை அரசின் தொழில் முயற்சிகளுக்குத் தடை போட்டார். அரசுப் பணத்தைத் தொழில் கற்பிப்பதற்குச் செலவிடலாம், தொழில் நடத்துவதற்குச் செலவிடக் கூடாது என்பது அவர் வகுத்த எல்லை. பயிற்சி ஓரிடம், உற்பத்தி வேறிடம் என்ற பிளவு அன்று ஆழமாயிற்று. இன்றும் ஐ.டி.ஐ.க்களைப் பற்றித் தொழிற்சாலைகள் சொல்லும் முதல் குறை அந்தப் பிளவைப் பற்றியதுதான்.

இதற்கிடையே தொண்டு வழியாக வந்த ஒரு மரபும் இருக்கிறது. மயிலாப்பூரில் 1905-இல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம், ஏழைச் சிறுவர்களுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் கட்டணமின்றிக் கொடுத்தது. பிறகு தொழில்நுட்பப் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டது. தங்கிப் படிக்கும் பிள்ளைக்குச் சோறும் போட்டால்தான் தொழிற்கல்வி ஏழைக்கு எட்டும் என்பதை அரசுக்கு முன்பே அந்த இல்லம் புரிந்துவைத்திருந்தது.

இன்றைய ஐ.டி.ஐ.யின் நேரடி முன்னோடி போர்க்காலத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது படைக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் தொழில்நுட்ப ஆட்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். அரசு விரைவுப் பயிற்சிகளை நடத்தியது. போர் முடிந்து வீடு திரும்பும் வீரர்களுக்கு வாழ்வாதாரம் அமைத்துத்தர 1945-இல் மறுகுடியமர்வு மற்றும் வேலைவாய்ப்புக்கான தலைமை இயக்ககம் உருவானது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் அகதிகளுக்கும் பயிற்சி தரப்பட்டது. இந்த அனுபவத்தின் மேல்தான் 1950-இல் இந்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. நாடெங்கும் ஏறக்குறைய 50 நிலையங்கள் அதில் இருந்தன. 1956-இல் அவற்றின் அன்றாட நிர்வாகம் மாநில அரசுகளுக்கு மாறியது. பாடத்திட்டமும் தேர்வும் சான்றிதழும் மத்திய அரசிடம், கட்டடமும் ஆசிரியரும் மாணவரும் மாநில அரசிடம் என்ற ஏற்பாடு இன்றும் தொடர்கிறது.

சென்னைக்கு இது சரியான நேரத்தில் வந்தது. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ், அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ், பெரம்பூரில் 1955-இல் ரயில் பெட்டித் தொழிற்சாலை. காமராஜர் ஆட்சியில் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்தபோது 1958-இல் கிண்டித் தொழிற்பேட்டை திறக்கப்பட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டை அறுபதுகளில் வந்தது. எந்திரங்கள் இறங்கிவிட்டன, அவற்றை இயக்க ஆயிரக்கணக்கான கைகள் வேண்டியிருந்தன. ஐ.டி.ஐ.க்கள் தொழிற்பேட்டைகளை ஒட்டியே அமைந்ததற்குக் காரணம் இதுதான். தொழிற்சங்க முன்னோடி திரு.வி.க. பெயரைத் தாங்கிய கிண்டித் தொழிற்பேட்டையில்தான் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் தலைமை அலுவலகம் இருக்கிறது. கிண்டியிலும் அம்பத்தூரிலும் பெண்களுக்கென்று தனி ஐ.டி.ஐ.க்கள் உண்டு. பயிற்றுநர்களுக்கே பயிற்சி தரும் மத்திய அரசின் தேசியத் திறன் பயிற்சி நிலையமும் கிண்டியில்தான். வடசென்னையிலும் திருவான்மியூரிலும் அரசு ஐ.டி.ஐ. உண்டு. சென்னை மாநகராட்சியும் லாயிட்ஸ் காலனியில் ஒன்றை நடத்துகிறது.

இந்த வரலாற்றிலிருந்து தெரிவது ஒன்று. கட்டணம் இல்லாதது ஏழைகளின் மீது காட்டிய இரக்கத்தால் மட்டும் வந்த ஏற்பாடு இல்லை. சாலையும் மின்சாரமும் போலத் தொழில்வளர்ச்சிக்குத் தேவையான முதலீடாகவே கைவினைஞர் பயிற்சியை அரசு கருதியது. படிக்கும் பிள்ளை சலுகை பெறுகிறார் என்று நினைப்பவர்கள், பயிற்சிக்குச் செலவே செய்யாமல் தேர்ந்த ஆளைப் பெறும் தொழிற்சாலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பட்டறைக்குள் ஓர் ஆண்டு

ஐ.டி.ஐ. நாளின் பெரும்பகுதி பட்டறையில் கழிகிறது. இப்போதைய பாடத்திட்டப்படி ஃபிட்டர் போன்ற ஒரு பிரிவில் முதலாண்டில் செய்முறைக்கு 840 மணி நேரம், தொழிற்பாடக் கோட்பாட்டுக்கு 240 மணி நேரம், வேலைவாய்ப்புத் திறன்களுக்கு 120 மணி நேரம். இதற்கு மேல் 150 மணி நேரம் தொழிற்சாலையில் நேரடிப் பயிற்சி அல்லது குழுச் செயல்திட்டம். ஒரு பிரிவில் பெரும்பாலும் 20 பேர். பள்ளியில் ஐம்பது பேரில் ஒருவராகப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் வேலையை, இங்கே ஒரு பயிற்றுநர் தினமும் கையில் வாங்கி அளந்து பார்க்கிறார். இந்தக் கவனிப்பின் மதிப்பை வெளியில் இருப்பவர்கள் குறைத்தே எடைபோடுகிறார்கள்.

ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவர் தொடக்க வாரங்களில் எந்திரத்தின் பக்கமே போவதில்லை. பென்ச் வைஸ் என்ற இடுக்கியில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்து, அரத்தால் தேய்த்துச் சமதளமாக்க வேண்டும். கேட்க எளிது. அரத்தின் ஒரு முனையில் கூடுதலாக அழுத்தினால் நடுப்பகுதி மேடாகிவிடும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் இடைவெளி வழியே ஒளி கசியும். மறுபடியும் தேய்க்க வேண்டும். உள்ளங்கை கொப்புளித்துக் காய்த்துப்போகும். அடுத்து அளவு குறித்தல், ஹேக்ஸாவால் அறுத்தல், துளையிடல், மரை வெட்டுதல். 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும் வெர்னியர் காலிப்பரிலும், 0.01 மில்லிமீட்டர் காட்டும் மைக்ரோமீட்டரிலும் அளக்கப் பழக வேண்டும். பிறகு ‘மேல்–ஃபிமேல்’ என்று பட்டறையில் சொல்லும் பொருத்து வேலை வரும். ஒரு துண்டில் வெட்டிய வடிவம் மற்றொரு துண்டில் வெட்டிய பள்ளத்தில் இறுக்கமில்லாமலும் ஆடாமலும் உட்கார வேண்டும். செய்த பொருளை ‘ஜாப்’ என்பார்கள். ஜாப் சரியில்லை என்றால் புதிய துண்டு, முதலிலிருந்து வேலை.

கணினி வழி எந்திரங்கள் வந்துவிட்ட காலத்தில் அரம் தேய்ப்பது எதற்கு என்று மாணவர்களே கேட்பதுண்டு. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்பது எவ்வளவு என்று கை உணராதவர், எந்திரத்தின் திரையில் வரும் எண்ணை நம்புவதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது. கருவி தேய்ந்திருக்கிறது, பொருள் சூடேறி விரிந்திருக்கிறது என்று எண்ணுக்கு அப்பால் கண்டுபிடிப்பவரைத்தான் தொழிற்சாலை தேடுகிறது. என் பார்வையில், இந்தப் படிப்பின் உயிர் அந்தத் தொடக்க மாதங்களில் இருக்கிறது.

தேர்வு முறையிலும் இந்த மனப்போக்கைக் காணலாம். செய்முறையில் தேர்ச்சி பெற 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். மற்றப் பாடங்களுக்கு 33 விழுக்காடு போதும். தேர்வெழுத 80 விழுக்காடு வருகை கட்டாயம். எழுத்தில் தடுமாறியதால் பள்ளியில் ‘மந்தம்’ என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகள் பலர் இங்கே நிமிர்ந்து நிற்பதற்கு இந்த அளவுகோல் ஒரு காரணம்.

உண்மையான செலவு எது

கட்டணம் இல்லை என்பது உண்மை. விண்ணப்பத்துக்கும் சேர்க்கைக்கும் செலுத்தும் சிறு தொகையைத் தவிர அரசு நிலையத்தில் வேறு எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் பாதியில் நின்றுவிடும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நிற்பதற்குக் கட்டணத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கும் கூலிதான் அவர்களைப் பிடித்து இழுக்கிறது.

பதினேழு வயதுப் பையன் ஒருவன் கட்டட வேலைக்கோ உணவு விநியோகத்துக்கோ போனால் அன்றன்றைக்குக் கையில் காசு பார்க்கலாம். மாதம் 750 ரூபாய் என்பது சென்னையில் ஒன்றிரண்டு நாள் கூலிக்குச் சமம். அப்பா படுக்கையில் விழுந்துவிட்டால், வாடகை பாக்கி நின்றுவிட்டால், முதலில் நிற்பது பிள்ளையின் படிப்புத்தான். மாலையில் கடையிலோ பட்டறையிலோ பகுதிநேர வேலை பார்த்துவிட்டு இரவு தாமதமாகத் தூங்கும் மாணவனுக்கு 80 விழுக்காடு வருகை என்பதே ஒரு போராட்டம்.

2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் இந்த இடத்தில் முக்கியமாகின்றன. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிக்கும் மாணவனுக்கும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேர்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இது விரிவாக்கப்பட்டது. ஐ.டி.ஐ. மாணவர்களும் இதில் அடக்கம் என்பது பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. ஐ.டி.ஐ. தரும் 750 ரூபாயும் இதுவும் சேர்ந்தால் மாதம் 1,750 ரூபாய். இது கூலியை ஈடுகட்டாது. போக்குவரத்தும் சாப்பாடும் வீட்டின் மேல் பாரமாக விழாமல் பார்த்துக்கொள்ளும். இந்தத் தொகையை இன்னும் உயர்த்த வேண்டும் என்றே நினைக்கிறேன். புதிய எந்திரம் வாங்குவதைவிட, பாதியில் நிற்கும் ஒரு மாணவனை இருத்திக்கொள்வது நாட்டுக்கு மலிவானது.

எந்திரங்களுக்கும் பணம் வந்திருக்கிறது. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877.43 கோடி ரூபாயில் தரம் உயர்த்தும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு மேற்கொண்டது. மேம்படுத்தப்பட்ட நிலையங்கள் 2023 ஜூலையில் ஒரகடத்திலிருந்து தொடங்கிவைக்கப்பட்டன. தொழில்துறை ரோபோ, உயர்நிலைக் கணினி வழி எந்திர இயக்கம், மின்வாகன மெக்கானிக் போன்ற புதிய பிரிவுகள் வந்தன. மார்லி காலத்துப் பிளவைக் குறைக்கும் முயற்சியாக இதைப் பார்க்கலாம். பயிற்றுநர் பணியிடங்கள் நிரப்பப்படுகின்றனவா, எந்திரம் பழுதானால் உடனே சரிசெய்யப்படுகிறதா என்பதில்தான் இதன் பலன் தெரியும்.

சான்றிதழுக்குப் பிறகு: தொழிற்பழகுநர் பயிற்சி

என்.டி.சி. கையில் வந்ததும் கிடைத்த வேலையில் சேர்ந்துவிட வேண்டும் என்ற அவசரம் இயல்பானது. ஆனால், 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் இந்தப் படிப்பின் இரண்டாம் பாதியைத் தொழிற்சாலைக்குள் வைத்திருக்கிறது. அதைத் தவறவிடுபவர்களே அதிகம் இழக்கிறார்கள்.

1. 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் தம் ஆட்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழிற்பழகுநர்களைச் சேர்த்துக்கொள்வது கட்டாயம்.

2. ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய் என்று 2019-இல் விதி திருத்தப்பட்டது. நிறுவனம் இதைவிடக் கூடுதலாகக் கொடுக்கலாம், குறைக்க முடியாது.

3. ஒப்பந்தம் தொழிற்பழகுநருக்கான அரசு இணையதளத்தில் பதிவாக வேண்டும். முடிவில் தேர்வெழுதித் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் பெறலாம். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை போன்ற பொதுத்துறை இடங்களிலும் இந்தப் பயிற்சி உண்டு.

4. சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி தொழிற்பழகுநர் ‘தொழிலாளி’ அல்லர். பயிற்சி முடிந்ததும் அந்த நிறுவனமே வேலை கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும்.

தொழிற்பேட்டைகளில் ‘டிரெய்னி’ என்ற பெயரில் வருடக்கணக்கில் முழு வேலையும் வாங்கிக்கொண்டு, எந்தப் பதிவும் இல்லாமல் வெளியே அனுப்பும் வழக்கம் இருக்கிறது. இளைஞர்களின் உழைப்பை இப்படி உறிஞ்சுவது அநியாயம். பதிவான ஒப்பந்தம் இருக்கிறதா என்ற ஒரே கேள்வி, சட்டப்படியான பயிற்சியையும் அந்தச் சுரண்டலையும் பிரித்துக் காட்டிவிடும்.

வேறு வழிகளும் உண்டு. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்கு உரிய தொழிற்பிரிவில் ஐ.டி.ஐ. ஒரு தகுதி. மின்வாரியக் கள உதவியாளர் பணிக்கும் அப்படியே. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்து மொழித்தாள்களையும் எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான தகுதி கிடைக்கும். எட்டாம் வகுப்போடு சேர்ந்தவர் அதே வழியில் பத்தாம் வகுப்புக்கு இணையான தகுதியைப் பெறலாம்.

கலந்தாய்வுக்குப் போகும் முன்

1. பிரிவை முதலில் முடிவு செய்யுங்கள், நிலையத்தைப் பிறகு. வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதற்காக விருப்பமில்லாத பிரிவில் சேர்ந்தவர்தான் முதலில் படிப்பைப் பாதியில் விடுவார். அதற்காகப் பயண தூரத்தை மறந்துவிடவும் கூடாது. கிண்டி கடற்கரை–தாம்பரம் ரயில் தடத்திலும், அம்பத்தூர் சென்ட்ரல்–அரக்கோணம் தடத்திலும் இருக்கின்றன. இலவச பஸ் பயண அட்டை மின்சார ரயிலில் செல்லாது.

2. முடிந்தால் பட்டறையை நேரில் போய்ப் பாருங்கள். எந்திரங்கள் ஓடுகின்றனவா, பயிற்றுநர் இருக்கிறாரா என்று அங்கே படிக்கும் மாணவரிடமே கேட்கலாம்.

3. தனியார் ஐ.டி.ஐ. என்றால், நீங்கள் சேரும் பிரிவுக்குத் தேசிய அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். நிலையத்துக்கு அங்கீகாரம் இருந்தாலும் எல்லாப் பிரிவுக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. கட்டணம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. பெண் பிள்ளைகளுக்குத் தையல் பிரிவை மட்டுமே யோசிக்க வேண்டியதில்லை. எலக்ட்ரீஷியன், கணினி, வரைவாளர் பிரிவுகளையும் பாருங்கள். பெண்கள் பொது ஐ.டி.ஐ.க்களிலும் சேரலாம்.

5. முதல் கட்டக் கலந்தாய்வில் இடம் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். காலியாக உள்ள இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடைபெறும். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை, புகைப்படத்துடன் அந்த நிலையத்துக்கே நேராகப் போகலாம்.